மெத்தை கொள் படலம்: ஸ்ரீராம்புரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து வாங்குகிறோம். வெண்டைக்காயின் நுனியை ஒடிக்கிறோம், தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டுகிறோம், தர்பூசணியைச் சுண்டிப் பார்க்கிறோம். அரைக் கிலோ கத்திரிக்காய்க்கே சோதனை முறை வகுத்து வைத்திருக்கும் ஒரு சமூகம், ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து மெத்தை வாங்கப் போகும்போது மட்டும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறது. இது ஏன் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம் பெங்களூரின் ஸ்ரீராம்புரம். அதைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தமிழர் செறிந்து வாழும் இடம் அது. குறுக்குத் தெருக்களும் ஒடுங்கிய மாடிப்படிகளும் கொண்ட பழைய குடியிருப்பு. அதைச் சூழ்ந்த நகரமோ மெத்தைத் தொழிலில் பேர்போனது. ரப்பர் பூசிய தென்னை நார் மெத்தையை வீடுதோறும் கொண்டுசேர்த்த கர்லான் 1962இல் இங்கே தொடங்கியது. இணையத்தில் மெத்தை விற்கும் வேக்ஃபிட் 2016இல் இங்கேதான் பிறந்தது. கொல்லன் தெருவில் ஊசி கிடைக்கவில்லை என்றால் அது கவனிக்க வேண்டிய செய்தி அல்லவா?

முதலில் சொல்லை வரையறுப்போம். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன் ‘மெத்தை’ என்ற சொல்லுக்குப் பஞ்சணை என்றும் பொருள் தருகிறது, மாடி என்றும் பொருள் தருகிறது. மாடி வீட்டை மெத்தை வீடு என்று சொல்லும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. இந்த இரு பொருளும் ஒரே சொல்லில் வந்து தங்கியது தற்செயல் என்று மொழியியலார் கூறக்கூடும். ஆனால் ஆறடி நீளமும் ஐந்தடி அகலமும் எட்டு அங்குலக் கனமும் உள்ள மெத்தையை, இரண்டடி அகலப் படிக்கட்டு வழியாக இரண்டாம் மாடிக்கு ஏற்ற முயன்ற எவரும் அப்படிக் கூறமாட்டார். மெத்தையை மெத்தைக்கு ஏற்றுவதில் உள்ள இடரை முன்னோர் உணர்ந்தே இரண்டையும் ஒரே பெயரால் எச்சரித்தனர் என்று கொள்வதே பொருத்தம். இதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

இனி, கடையில் நிகழும் சோதனை. விற்பனையாளர், “படுத்துப் பாருங்க சார், கூச்சப்படாதீங்க” என்கிறார். மெத்தையின் கால்மாட்டில் செருப்புக்காக ஒரு பிளாஸ்டிக் விரிப்பு கிடக்கிறது. கணவர் படுக்கிறார், கைகளை வயிற்றின்மேல் கோத்துக்கொண்டு மல்லாந்து. விற்பனையாளர் தலைமாட்டில் நிற்கிறார்; மனைவி பக்கத்தில் கவலை தோய்ந்த முகத்துடன் நிற்கிறார்; பிள்ளைகள் கால்மாட்டில். இந்தக் காட்சியைத் தெருவிலிருந்து பார்க்கும் தமிழர் யாருக்கும் வேறொரு சடங்குதான் நினைவுக்கு வரும். படுத்தவருக்கும் அது நினைவுக்கு வந்துவிடுவதால் அரை நிமிடத்தில் எழுந்துவிடுகிறார். போதாததற்கு, தலை வடக்கே இருந்ததோ என்ற ஐயம் வேறு. மனைவி படுப்பதே இல்லை. நாலு பேர் போகிற தெருவைப் பார்த்த கண்ணாடிக்குள், புடவையோடு, அந்நிய ஆண் ஒருவர் முன்னிலையில் படுத்துக் காட்டும் வழக்கம் நம்மில் இல்லை. அவர் விளிம்பில் உட்கார்கிறார். உள்ளங்கையால் இரண்டு முறை அழுத்துகிறார். “கொஞ்சம் கல்லு மாதிரி இருக்கே” என்கிறார். ஆகப் பெரும்பாலான குடும்பங்களில் மெத்தை, முதுகுக்காகக் கையால் தேர்வாகிறது. செருப்பைத் தலையில் வைத்து அளவு பார்ப்பதற்கும் இதற்கும் தருக்க அளவில் வேறுபாடு இல்லை.

கூச்சத்தை விட்டொழித்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்பார் உளர். தீராது. முழு ஒரு மணி நேரம் படுத்தாலும், படுத்திருப்பவர் விழித்தல்லவா இருக்கிறார்? மெத்தை விழித்திருப்பவருக்கான பொருள் அன்று. அதற்கு நாற்காலி இருக்கிறது. மெத்தையின் குணத்தை அறியத் தகுதியுள்ள ஒரே சாட்சி உறங்குபவர். உறங்குபவரோ சாட்சி சொல்லும் நிலையில் இல்லை. ‘சுகமாகத் தூங்கினேன், ஒன்றும் தெரியவில்லை’ என்று எழுந்தவன் சொல்வதை வைத்து வேதாந்திகள் நீண்ட வாதங்களைக் கட்டியிருக்கிறார்கள். ஆன்மாவுக்குப் போதுமான அந்தச் சான்று மெத்தைக்குப் போதாது. மருத்துவ உலகம் இதை உணர்ந்திருக்கிறது. 2003இல் லான்செட் இதழில் வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று, நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரை மெத்தையில் படுக்கவைத்துப் பார்த்தது, இரண்டு நிமிடம் அல்ல, 90 நாள். யாருக்கு எந்த மெத்தை என்பது படுப்பவருக்குச் சொல்லப்படவில்லை. கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி கொண்டதே வலிக்கு நல்லது என்று முடிவு வந்தது. இரவுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால் 90 இரவு என்பது 43,200 நிமிடம். கடையில் கிடைப்பது இரண்டு நிமிடம். இருபத்தோராயிரத்து அறுநூற்றில் ஒரு பங்குச் சான்றை வைத்துத் தீர்ப்பு எழுதச் சொல்கிறார்கள். அந்த ஆய்வில் கெட்டித்தன்மையை அளந்த ஐரோப்பிய அளவுகோலில் 1 என்றால் மிகக் கெட்டி, 10 என்றால் மிக மென்மை. நம் கடைகளிலோ அளவுகோலே கிடையாது. ‘ஆர்த்தோ’ என்ற மந்திரச் சொல் ஒன்றுதான் உண்டு. அந்தச் சொல்லுக்குக் கெட்டி என்று பொருள், கெட்டிக்கு மருத்துவர் சொன்னது என்று பொருள், மருத்துவர் சொன்னதற்கு விலை கூட என்று பொருள்.

ஆயினும், அறிய முடியாமை ஒன்றே துன்பத்துக்குக் காரணம் என்று முடிவு கட்டுவது அவசரம். மாப்பிள்ளையையும்தான் முன்கூட்டி அறிய முடிவதில்லை. இந்த ஆய்வின் துணிபு வேறு: மெத்தை வாங்குவதன் அல்லல், தேர்வது கடினம் என்பதால் வருவதன்று, தேர்ந்ததைத் திருத்த முடியாது என்பதால் வருவது. இதற்குச் சான்று பஞ்சு மெத்தை. ஸ்ரீராம்புரத்தை ஒட்டி, இன்று மந்திரி மால் நிற்கும் நிலத்தில் ஒரு காலத்தில் ராஜா மில் பருத்தி நூற்றது. மெஜஸ்டிக் பேருந்து நிலையத்துக்கு அப்பால் ஒரு பேட்டைக்குக் கன்னடத்தில் அரளேபேட்டே, அதாவது பஞ்சுப்பேட்டை என்றே பெயர். பஞ்சு மெத்தையை யாரும் படுத்துப் பார்த்து வாங்கியதில்லை. வாங்கிய பிறகுதான் அதன் வாழ்க்கையே தொடங்கியது. வெயிலில் போட்டார்கள், புரட்டிப் போட்டார்கள், தடியால் அடித்தார்கள். சில ஆண்டுகளில் பஞ்சு கட்டிதட்டியதும், தோளில் யாழ் போன்ற வில்லுடன் பஞ்சு கொட்டுகிறவர் தெருவில் வந்தார். வாசலிலேயே தையலைப் பிரித்தார். இறுகிய பஞ்சைப் பிய்த்துப் போட்டு, வில்லின் நரம்பை மரக்கட்டையால் அதிரவிட்டு, டொய்ங் டொய்ங் என்று அதைப் பூவாக்கினார். பக்கத்து வீட்டுக்காரர் தும்மி முடிப்பதற்குள் “ரெண்டு கிலோ கூடப் போடட்டுமாம்மா?” என்று ஒரு கேள்வி கேட்டார். மெத்தை வணிக வரலாற்றிலேயே வாடிக்கையாளரிடம் கேட்கப்பட்ட பொருளுள்ள கேள்வி அது ஒன்றுதான். படுத்துப் பல ஆண்டு அனுபவப்பட்ட ஒருவரிடம், கூட்டவா குறைக்கவா என்று கேட்டார்கள். பிழை இருந்தால் தையலைப் பிரித்தால் போதும். ஃபோம் மெத்தைக்குத் தையல் பிரிக்கிறவர் யார்? அது பிறந்தபடியே இருந்து, பள்ளம் விழுந்தபடியே சாகிறது.

இவ்விடத்தில் கடாக்கள் மூன்று எழும். முதற்கடா: ‘இப்போது மெத்தை நிறுவனங்கள் நூறு இரவு படுத்துப் பார்க்க அவகாசம் தருகின்றனவே, பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாமே?’ என்பது. அவகாசம் கொடுப்பதே நம் துணிபுக்கு வலுச்சேர்க்கிறது. இரண்டு நிமிடம் போதும் என்று விற்கிறவர்களே நம்பவில்லை என்றல்லவா ஆகிறது! 2019இல் வேக்ஃபிட் அறிவித்த உறக்கப் பயிற்சித் திட்டத்திலும் நூறு இரவு, இரவுக்கு ஒன்பது மணி நேரம் என்பதே கணக்கு. உறங்குவதற்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் வேறு. ஆனால் திருப்பித் தருவது என்பதற்கு ஒரு பௌதிகம் உண்டு. இணையத்தில் வாங்கும் மெத்தை, காற்றை உறிஞ்சி, பாயைப் போலச் சுருட்டி வருகிறது. ஒரே பையன் தோளில் தூக்கிக்கொண்டு குறுகிய படியில் ஏறிவிடுகிறான். உறையைக் கிழித்ததும் அது பெருமூச்சு விட்டுக்கொண்டு வாமனன் திரிவிக்கிரமன் ஆனதுபோல் அறையை நிறைக்கிறது. இதன்பின் அது எந்தப் படியிலும் இறங்காது. சுருளாக ஏறியது பலகையாக இறங்க வேண்டும். படிக்கட்டின் திருப்பமோ சுருளுக்கு மட்டும்தான் வழிவிடும். சட்டப்படி அந்த மெத்தைக்குத் திரும்பும் உரிமை உண்டு, வடிவியல்படி இல்லை. லெக்சிகன் சொன்ன இரண்டு மெத்தைகளும் மோதிக்கொள்ளும் இடம் இதுதான்.

இரண்டாம் கடா: ‘பத்தாண்டு உத்தரவாதம் இருக்கிறதே?’ என்பது. பெங்களூரில் வாடகை ஒப்பந்தம் வழக்கமாக 11 மாதத்துக்கு எழுதப்படுகிறது. ஓராண்டைத் தாண்டினால் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்ய வேண்டியிருக்கும் என்பது காரணம். பத்தாண்டு என்பது 120 மாதம். ஏறக்குறைய 11 ஒப்பந்தம். நாளை எந்த வீட்டில் இருப்போம் என்று தெரியாத குடும்பத்துக்கு, பத்தாண்டு அசையாது கிடக்கும் பொருளுக்கான வாக்குறுதி தரப்படுகிறது. அந்தச் சீட்டின் பொடி எழுத்தையும் படிக்க வேண்டும். பள்ளம் இத்தனை அங்குலத்துக்குமேல் இருக்க வேண்டும். கட்டில் சமதளமாக இருக்க வேண்டும். கறை படிந்திருக்கக் கூடாது. ரசீது வைத்திருக்க வேண்டும். குழந்தை இருக்கும் வீட்டில் கறை படியாத மெத்தை, எந்த வீட்டிலும் பத்தாண்டு பிழைத்த ரசீது, இரண்டையும் ஒருசேரக் கண்டவர் அரியர். ரசீதுக் காகிதத்தில் அச்சு எழுத்து முதல் கோடையிலேயே மங்கிப்போகிறது. உத்தரவாதம் என்பது மெத்தையைத் திருத்தும் கருவி அன்று. மெத்தை வாங்கியவரைத் திருத்தும் கருவி.

மூன்றாம் கடா: ‘பஞ்சு மெத்தையைப் புகழ்வது பழம்பெருமை, அதில் மூட்டைப்பூச்சி இல்லையா, முதுகில் உறுத்தவில்லையா, மழைக்காலத்தில் நாறவில்லையா?’ என்பது. எல்லாம் உண்மை, மறுப்பதற்கில்லை. அது மோசமான மெத்தைதான். ஆனால் மோசம் என்று தெரிந்ததும் ஏதாவது செய்ய முடிந்தது. அறிவியல் சார்ந்த ஃபோம் இதைவிட மேல் என்று கொண்டாலும், அந்த அறிவியலின் மூலத்தைப் பார்க்க வேண்டும். ‘மெமரி ஃபோம்’ எனப்படுவது 1966இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக, விமான இருக்கைகளில் வைக்க உருவாக்கப்பட்டது. இருக்கையில் அமரும் விமானி எக்காரணம் கொண்டும் உறங்கிவிடக் கூடாது என்பது அத்துறையின் முதல் விதி. அவ்வாறிருக்க, உறங்காமைக்காக வகுத்த பொருளின் மேல் உறக்கத்தைத் தேடுகிறோம். தேர்வுக்கு இடம் அதிகம் என்பதும் தோற்றமே. ஸ்லீப்வெல் மெத்தை விற்கும் ஷீலா ஃபோம் 2023இல் கர்லானை வாங்கிவிட்டது. இந்தக் கடையில் பிடிக்கவில்லை என்று அடுத்த பலகைக்குப் போகிறவர், பல வேளை அதே வீட்டின் கொல்லைப்புறத்துக்குத்தான் போகிறார்.

இலக்கியச் சான்றும் இதையே உறுதிசெய்கிறது. நெடுநல்வாடை காட்டும் அரசியின் கட்டில், நாற்பது வயது யானையின் தந்தத்தில் கடைந்தது. மேலே அன்னத்தின் தூவி பெய்த அணை. இன்றைய விலைப்பட்டியல் எதிலும் இந்தத் தரம் இல்லை. அரசியோ, கணவன் பாசறையில் இருக்க, அதன்மேல் உறங்காது கிடக்கிறாள். புறநானூற்றின் 50ஆம் பாட்டில் மோசிகீரனார், சேர மன்னனின் வீர முரசை நீராட்டக் கொண்டுபோனதால் அதன் கட்டில் வெறுமையாக இருக்க, அது இன்னதென்று அறியாமலேயே ஏறிப் படுத்து அயர்ந்து உறங்கிவிடுகிறார். அதில் பரப்பியிருந்த பூவின் மென்மையை அவரே எண்ணெய் நுரைக்கு ஒப்பிடுகிறார். நுரை மெத்தை குறித்த தொன்மையான தமிழ்க் குறிப்பு இதுவாகலாம். அந்தக் கட்டிலில் ஏறியதற்குத் தண்டனை வாள்வெட்டு. சேரமானோ வாளை விட்டுவிட்டுக் கவரியை எடுத்து வீசினான். இதைத் தமிழ்ப் பற்று என்று போற்றுவர். மெத்தை நோக்கில் பார்த்தால், பிழையாகப் படுத்தவருக்குத் தண்டமின்றித் திருத்தம் கிடைத்த நிகழ்ச்சி இது. தரம் மிக்க மெத்தையில் உறக்கம் இல்லை. மன்னிப்புள்ள மெத்தையில் இருந்தது.

எனவே மக்கள் என்ன செய்கிறார்கள் என்று காண்பதே ஆய்வின் கடைசிக் கடமை. ஸ்ரீராம்புரத்திலும் பிற ஊர்களிலும், புது மெத்தை வீட்டுக்கு வந்ததும் அதன் பிளாஸ்டிக் உறையைக் கழற்றுவதில்லை. ‘அழுக்காகிடும், இருக்கட்டும்’ என்பது வெளிக்காரணம். உறை இருக்கும்வரை அது முழுமையாக வாங்கப்படாத பொருள்; கடைக்காரருக்கும் நமக்கும் இடையே இன்னும் பேச்சு மிச்சம் இருக்கிறது என்பது உட்காரணம். திருத்தும் உரிமையை இழந்த குடும்பம், அதன் நிழலையாவது பிடித்துவைத்துக்கொள்கிறது. உறைமேல் பழைய பருத்திப் புடவை ஒன்றை நான்காக மடித்து விரிக்கிறார்கள். கெட்டி என்றால் இன்னொன்று. வெக்கை என்றால் ஒன்றை உருவிவிடலாம். பஞ்சு கொட்டுகிறவர் கேட்ட கேள்விக்கு இப்படி வீட்டுக்குள்ளேயே விடை சொல்லிக்கொள்கிறார்கள். இரவு முழுவதும், ஒருவர் புரண்டால் மற்றவர் விழிக்கும்படி அந்த உறை சரசரக்கிறது. மெத்தை எப்படி இருக்கிறது என்று உறவினர் கேட்டால், “இன்னும் பழகல” என்கிறார்கள். உண்மைதான். இன்னும் யாரும் அதன்மேல் படுக்கவே இல்லை.