குகைக்குள் மல்லாந்த கனவான்கள்

கேள்வி: பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஆங்கிலக் கேலிச்சித்திரக்காரர்கள் குகை பார்க்கப் போன சீமான்களை ஏன் அவ்வளவு பரிகசித்தார்கள்?

பதில்: பரிகசிக்காமல் வேறென்ன செய்வது? டெர்பிஷயரில் காசில்டன் கிராமத்துக் குகைக்கு ஊர்ஜனங்கள் இட்ட பெயரே 'சாத்தானின் பிருஷ்டம்'. நாகரிகத்தின் சிகரமென்று தம்மைக் கருதிய கனவான்கள் வண்டியில் குலுங்கி வந்து, குகைவாயிலில் கயிறு திரித்துப் பிழைத்த ஏழைகளைக் கடந்து, பாறை நீர்மட்டம் வரை தாழ்ந்த இடத்தில் ஒரு சிறு படகின் வைக்கோல்மீது பிரேதம்போல் மல்லாந்து, நீரில் இறங்கிய வழிகாட்டி தள்ள, மூக்கு உராயாமல் அக்கரை சேர்ந்தால், அதற்குப் பெயர் இயற்கை ரஸனை!

எது சித்திரத்துக்குரிய காட்சி என்று வில்லியம் கில்பின் பாதிரியார் இலக்கணமே வகுத்திருந்தார். அத்தகைய காட்சிகளைத் தேடி அலைந்த மோகத்தை ஏளனம் செய்யவே, வில்லியம் கூம் செய்யுள் இயற்ற, ரௌலண்ட்ஸன் படம் தீட்ட, 1812-ல் 'டாக்டர் சின்டாக்ஸ்' நூல் வெளிவந்தது. இடிந்த கோட்டையை வரையும் சுவாரசியத்தில் அந்நூலின் நாயகரான உபாத்தியாயர் தண்ணீரில் தொப்பென்று விழுகிறார்.

ஆயினும் படகு முழுவதும் வீணல்ல. பைரன் கவி பதின்பருவத்தில் தாம் உள்ளூரக் காதலித்த பெண்ணோடு டெர்பிஷயர்க் குகைப்படகில் அருகருகே படுத்துச் சென்றதைப் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். காதலை மட்டும் வாய்திறந்து சொல்லவில்லையாம்! பாறை அத்தனை தாழ்வு போலும்.