முடியாதுகாரர்

பெரம்பலூர் பக்கம் ஒரு காரியம் ஆகவேண்டுமென்றால் "ஆகட்டும்" என்று சொல்பவரிடம் போகாதீர்கள். "முடியாது" என்று சொல்பவரைத் தேடிப் போங்கள். அதையும் சத்தமாகச் சொல்பவராக இருந்தால் உத்தமம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னாரென்றால் காரியம் பாதி முடிந்தது என்றே வைத்துக்கொள்ளலாம்.

அன்னமங்கலம், வரதராசன்பேட்டை, தென்னூர், ஏலாக்குறிச்சி என்று கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர் எதை எடுத்தாலும் இப்படி ஒருவர் இருப்பார். 2007-இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது அலுவலகத்தைப் பிரித்தார்கள், கோப்புகளைப் பிரித்தார்கள். முடியாதுகாரர்களை மட்டும் யாரும் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு பக்கமும் தேவைக்கு மேலேயே இருந்தார்கள்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நிற்பார். பிரசங்கம் நீண்டால் இருமுவார். அந்த இருமலுக்கு என்ன அர்த்தம் என்று புதிதாக வந்த பங்குச்சாமியாருக்கு இரண்டாவது ஞாயிறே புரிந்துவிடும். ஜெபமாலையை எடுத்தால் ஐம்பத்து மூன்று மணியையும் ஒரே மூச்சில் உருட்டி முடித்துவிட்டு, "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று எழுந்துவிடுவார். வீட்டுச் சுவரில் சட்டம் போட்ட வசனம் எதுவும் இருக்காது. பங்குக் காலண்டர் ஒன்று தொங்கும். அதிலும் புனிதர்களின் பெயர்மேல் பால் கணக்கு எழுதியிருக்கும்.

பக்திமான்களின் பட்டியலில் இவர் பெயரை யாரும் சேர்ப்பதில்லை. அவரும் கேட்டதில்லை.

ஊர்த் திருவிழா வரட்டும். பங்குப் பேரவைக் கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து ராஜினாமா செய்வார். "மைக் செட்டுக்காரன் பின்னால நான் ஓடணும், ஜெனரேட்டருக்கு டீசல் நான் ஊத்தணும், தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை நான் போடணும். இந்த வருசம் முடியாது சாமி, ஆளை விடுங்க!" 1956-இல் அரியலூர் ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று மந்திரி பதவியை விட்டார் லால்பகதூர் சாஸ்திரி. அதற்குப் பிறகு அந்தச் சீமையில் அதிகமுறை ராஜினாமா செய்தவர் நம்மவர்தான். சாஸ்திரியின் ராஜினாமாவை நேரு ஏற்றுக்கொண்டார். இவருடையதைச் சாமியார் இதுவரை காதில் வாங்கியதே இல்லை. கொடியேற்றத்தன்று விடியற்காலையில் போய்ப் பாருங்கள். கோயில் முற்றத்தில் கம்பத்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருப்பவர் அவர்தான். தோண்டும்போதும் வாய் ஓயாது.

ஆகஸ்டு கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் வருவார்கள். 29-ஆம் தேதி கொடி ஏறுவதற்குள் போய்ச் சேரவேண்டும் என்று காவி உடுத்து, சின்னச் சப்பரத்தைத் தள்ளிக்கொண்டு, பாட்டுப் போட்டபடி ராத்திரி பதினோரு மணிக்கு அவர் வீட்டு வாசலில் நிற்பார்கள். "இது என்ன சத்திரமா? மனுசன் தூங்க வேணாமா? பாட்டை நிறுத்துங்கய்யா மொதல்ல!" என்று கதவைத் திறந்துகொண்டு வருவார். வந்தவர் மோட்டாரைப் போடுவார். தொட்டி நிறையும். திண்ணையில் பாய் விரியும். கால் கொப்பளித்த பையனைப் பார்த்து, "செருப்பில்லாம நடக்கச் சொல்லி மாதா உன்கிட்ட சொன்னாங்களா?" என்று திட்டிக்கொண்டே தேங்காய் எண்ணெயைச் சுடவைத்துக் கொண்டுவருவார். பையன்கள் காலையில் கும்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, "அடுத்த வருசம் இந்தப் பக்கமே வரக்கூடாது" என்பார். அடுத்த வருடம் அவர்கள் கூடுதலாகப் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு வருவார்கள்.

சின்ன வெங்காயம்தான் பெரம்பலூர்க்காரருக்குச் சொத்து. பட்டறை போட்டு விதை வெங்காயத்தைப் பிள்ளைபோலக் காப்பார்கள். பக்கத்துக் காட்டுக்காரனின் பட்டறை மழையில் அழுகிப்போனால் அவன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்பது நம்மவரிடம்தான். "போன வருசம் வாங்குனதே இன்னும் வரலை. முடியாது, போ" என்று சொல்லிவிட்டுச் சாக்கை எடுப்பார். எடை போட்டு முடித்தபின் மேலே இரண்டு கை அள்ளிப் போடுவார். "கணக்கு எழுதிக்கலையாண்ணே?" என்று அவன் கேட்டால் பதில் பளிச்சென்று வரும்: "எழுதினா மட்டும் குடுத்துருவியா?"

திரும்பி வராது என்று தெரிந்தே கடன் கொடுக்கச் சொல்லி ஆண்டவர் போதித்திருக்கிறாரே, அதைத்தானே செய்கிறீர்கள் என்று உபதேசியார் ஒருமுறை பாராட்டப் போக, அவர் சீறிவிட்டார்: "சொன்னவரு தச்சர் வீட்டுப் பிள்ளை. வெங்காயம் போட்டிருந்தா வெலை தெரிஞ்சிருக்கும்!"

எதிர்வீட்டு அம்மாள் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் பக்தை. திங்களும் வெள்ளியும்தான் அந்தக் கோயில் திறந்திருக்கும் என்பதால் அந்த இரண்டு நாளும் வீட்டுச் சாவி, கறவை மாடு, காயவைத்த மிளகாய் எல்லாம் நம்மவர் பொறுப்பில் வந்துவிடும். "உங்க அம்மன் வாரத்துல ரெண்டே நாள் கதவைத் திறக்குது. என் வீட்டுக் கதவு மட்டும் ஏழு நாளும் திறந்தே கெடக்கணுமா?" என்பார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். ஆணியை அடித்து வைத்தவர் யார் என்று கேட்காதீர்கள்.

இந்த இனத்தில் பெண்களும் உண்டு. அவர்கள் இன்னும் கடுமையானவர்கள். தெருவில் ஒரு மருமகள் பிள்ளை பெற்று வந்தால், "பெத்த தாயி எங்க போனா? நான் என்ன சம்பளத்துக்கா இருக்கேன்?" என்று அத்தை ஒருத்தி வாசலில் நின்று கத்துவாள். மறுநாளிலிருந்து பூண்டுக் குழம்பும் பத்தியச் சோறும் தூக்குவாளியில் போய்க்கொண்டிருக்கும். நின்றது எப்போது என்று கேட்டால், அந்தப் பிள்ளை நடக்கத் தொடங்கியபோது என்பார்கள்.

எதிர்முகாமையும் சொல்லிவிட வேண்டும். அவர் ஆகட்டும்காரர். முதல் பெஞ்சில் இருப்பார். கார் கண்ணாடியில் வசனம், கைபேசியில் வசனம், வாசற்படியில் வசனம். "மருந்துக்கு ஆயிரம் ரூபா குறையுதுண்ணே" என்று போய் நில்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு உருகிவிடுவார். "கண்டிப்பா ஜெபத்துல வெச்சுக்கறேன் தம்பி." வைத்துக்கொள்வார், சந்தேகமில்லை. வைத்ததைத் திருப்பி எடுத்ததாகத்தான் தகவல் இல்லை. ராத்திரி வாட்ஸ்அப்பில் கும்பிட்ட கை ஐந்து வரும்.

மத்தேயு நற்செய்தியில் ஒரு தகப்பனுக்கு இரண்டு மகன்கள். திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போ என்றதும் ஒருவன் மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பிறகு மனம் மாறிப் போனான். மற்றவன் பவ்வியமாகச் சரி என்றான், போகவில்லை. தகப்பன் சொற்படி நடந்தவன் யார் என்று இயேசு கேட்டார். எருசலேமில் அந்தக் கேள்வியைக் கேட்டபோது எதிரில் இருந்தவர்கள் குருக்களும் மூப்பர்களும். பெரம்பலூரில் கேட்டிருந்தால் வெங்காயம் வாங்க வந்தவனே பதில் சொல்லியிருப்பான்.

மௌனமாக நல்லது செய்கிறவர்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. சூசையப்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு நற்செய்திகளிலும் அவர் பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. சொன்ன இடத்துக்குப் போனார், சொன்னதைச் செய்தார், அவ்வளவுதான். வாயே திறக்காத அந்த மனிதரைக் காப்பிய நாயகனாக்கி 3,615 பாடலில் தேம்பாவணி செய்தார் வீரமாமுனிவர். இத்தாலியிலிருந்து வந்து, கொள்ளிடக் கரையிலுள்ள ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பி, அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரும் சூட்டியவர். நம்மவருக்கும் சூசையப்பர்மேல்தான் பக்தி. காரியத்தில் அவர் வழியேதான் போகிறார். பேச்சில் மட்டும் அந்த 3,615-ஐத் தாமே ஈடுகட்டிவிடுகிறார்.

தவக்காலத்தில் நிலைமை முற்றும். சாம்பல் புதனன்று ஒருசந்தி இருப்பார். பசி ஏற ஏறக் குரலும் ஏறும். "அவரு ஒருசந்தி இருக்காரு சாமி, தவம் நாங்க பண்றோம்" என்று வீட்டுக்கார அம்மாள் சாமியாரிடம் முறையிட்டது உண்டு.

பெரிய வியாழனுக்குள் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். சாமியார் ரகசியத்தைக் காப்பார். நம்மவர் குரல் காக்காது. வரிசையில் நிற்பவர்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

"கோவப்பட்டேன் சாமி."

"யார்மேல?"

"வேளாங்கண்ணி போற பசங்கமேல. விடிய விடிய தண்ணி எறச்சுக் குடுத்தேன், அப்ப திட்டிட்டேன்."

"அப்புறம்?"

"வெதை வாங்க வந்தவனைக் கேவலமாப் பேசிட்டேன். ரெண்டு சாக்கு குடுத்தேன், அதான். ரோட்டுல ஒருத்தன் வண்டியோட விழுந்து கெடந்தான். சுண்ணாம்புக்கல் லாரி உரசிருச்சு. குடிச்சுட்டு ஓட்டுனியான்னு அறையப் போயிட்டேன்."

"அறைஞ்சீங்களா?"

"எங்க சாமி? ஒரு கையில அவனைப் புடிச்சிருந்தேன், இன்னொரு கை ஆஸ்பத்திரியில ரத்தம் குடுத்துக்கிட்டிருந்துச்சு."

சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு அபராதம் விதித்தாராம்: "ஜெபம் எல்லாம் வேண்டாம். இனிமே யாருக்கு என்ன செஞ்சாலும் சிரிச்ச முகமாச் செய்யுங்க. அதுதான் உங்களுக்கு."

"முடியாது சாமி!"

கோயில் முழுக்கக் கேட்டது. அன்றிலிருந்து ஊருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அவர் முடியாது என்று சொன்ன எதையும் இதுவரை செய்யாமல் விட்டதில்லை. அப்படியானால் அடுத்த திருவிழாவுக்குள் அந்த மனிதர் சிரித்தாலும் சிரித்துவிடுவார். சிரித்த முகமாக "ஆகட்டும்" என்று வேறு சொல்லிவிட்டால் விதை வெங்காயத்துக்கு யாரிடம் போய் நிற்பது?