உவர் ஆற்ற மகன்?

யாழ்ப்பாணத்தில் புதிதாக ஒருவர் ஒழுங்கைக்குள் வந்தால் சைக்கிளை விட்டு இறங்குமுன்னமே விசாரணை தொடங்கிவிடும். ஆற்ற மகன், எந்த ஊர், எங்கை படிச்சவர், தாய்வழியில் ஆர் ஆர் இருக்கினம்? வெளியூரார் இதை விடுப்பு என்று பழிப்பார்கள். ஆனால் செயற்கை நுண்ணறிவோடு எப்படிச் சீவிப்பது என்று உலக நிபுணர்கள் குளிரறைகளில் கூடிக் கண்டுபிடித்த கேள்விகளும் ஏறக்குறைய இவைதான்: இதை ஆர் செய்தது, எதைப் படித்து வளர்ந்தது, பிழை விட்டால் ஆர் பொறுப்பு? ஐரோப்பிய ஒன்றியம் இதற்காக 2024இல் ஒரு சட்டமே கொண்டுவந்தது. எங்கள் ஒழுங்கைகளில் அது எழுதாச் சட்டமாக எப்போதோ அமுலுக்கு வந்துவிட்டது. இயந்திரத்தைக் கண்டு ஓடவும் வேண்டாம், ஆலாத்தி எடுக்கவும் வேண்டாம். படலையில் மறித்து நாலு கேள்வி கேட்டு உள்ளே விடலாம் என்பது என் கட்சி.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. மிசனரிமார் அச்சியந்திரத்தில் துண்டுப்பிரசுரங்களாக அடித்துத் தள்ளிய காலத்தில், ஆறுமுக நாவலர் அச்சியந்திரத்தைத் திட்டிக்கொண்டு இருக்கவில்லை. பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்குக் கைகொடுத்து, வேலை நடக்கிற விதத்தை உள்ளே இருந்தே பார்த்தார். 1849இல் சென்னபட்டணம் போய் ஓர் அச்சியந்திரம் வாங்கி வண்ணார்பண்ணையில் நிறுத்தினார். பாதிரிமாருக்கு அவர்களின் ஆயுதத்தாலேயே பதில் போயிற்று. 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்து, பாடநூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். வைத்தியம் தானாக ஆசைப்பட்டுத் தமிழ் பேசவில்லை. ஆட்கள் இருந்து பழக்கினார்கள்.

விடுப்பால்தானே இல்லாத பொல்லாத கதையெல்லாம் பரவுகிறது என்பீர்கள். மெய்தான். ஆனால் ஊரில் பொய்க்கதை கட்டினவருக்கு ஒரு பட்டம் ஒட்டும், அது பேரப்பிள்ளை வரைக்கும் போகும். இயந்திரத்துக்கு அந்தப் பயம் கிடையாது. தெரியாததையும் பேராசிரியர் தோரணையில் சொல்லும். பிடிபட்டால் பணிவாக மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த பொய்யை அவிழ்க்கும். ஆகவே கச்சேரியோ ஆஸ்பத்திரியோ வங்கியோ இதைப் பாவித்தால், முடிவின் கீழே பெயர் விளங்கக் கையெழுத்து வைக்க ஓர் ஆள் வேண்டும். ‘கொம்பியூட்டர் சொல்லிச்சுது’ என்பது கையெழுத்து ஆகாது. பிள்ளைகள் யோசிக்கிறதை விட்டுவிடுவார்கள் என்று இன்னொரு பயம் காட்டுகிறார்கள். ரியூசன் கொட்டிலில் நோட்ஸ் வாங்கி, பாடமாக்கி, சோதனை மண்டபத்தில் கொட்டிவிட்டு வருகிற ஊரில் இந்தப் பழியை இயந்திரத்தின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. அதற்காகப் பயம் பொய்யாகிவிடாது. நோட்ஸைப் பாடமாக்கவாவது கொஞ்சம் முழித்திருக்க வேண்டும். ஒரு வழி இருக்கிறது: விடையை இயந்திரம் எழுதட்டும், அதில் பிழை பிடிக்கிற பிள்ளைக்குப் புள்ளி போடுங்கள். பிழை பிடிப்பது எங்களுக்குப் பரம்பரைச் சொத்து.

இவற்றைவிடப் பாரமான ஆட்சேபம் ஒன்று உண்டு. எவ்வளவு விசாரித்தாலும் அதற்கு எங்களைப் பற்றித் தெரியாவிட்டால் என்ன பலன்? இயந்திரம் எழுதி வைத்ததைத்தான் படிக்கும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளை இனி மனிதரும் படிக்க முடியாது, இயந்திரமும் படிக்க முடியாது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமமாக்கி இணையத்தில் வைத்து வருவது இந்த வகையில் பெரிய காரியம். ஆனால் திண்ணைப் பேச்சும் தோட்டக்காரரின் கைப்பக்குவமும் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? ஒடியற்கூழுக்குச் சீனி போடு என்று இயந்திரம் சொன்னால் குற்றம் அதில் பாதி, எழுதி வைக்காத எங்களில் பாதி. எழுத உட்கார்ந்தாலோ நண்டு முதலில் போடுவதா பலாக்கொட்டை முதலில் போடுவதா என்று தீவாருக்கும் வடமராட்சியாருக்கும் சண்டை வரும். அந்தச் சண்டையையும் ஒரு சொல் விடாமல் பதிவேற்றிவிடுங்கள். மிச்சத்தை இயந்திரம் விலக்குப் பிடித்துப் பார்க்கட்டும்.