கம்பி இழுப்பவர்

உயர்தரப் பௌதிகவியலில் மின்காந்தத் தூண்டலுக்குள் நுழைந்தால் ஒரு மனிதரைத் தவிர்க்கவே முடியாது. இரண்டு சமாந்தரத் தண்டவாளங்கள், குறுக்கே ஒரு செப்புக் கம்பி, தாளுக்குள் இறங்கும் சீரான காந்தப்புலம். இவர் அந்தக் கம்பியை மாறாத வேகத்தில் இழுத்துக்கொண்டே போவார். தண்டவாளம் ஒப்பமானது, தடை புறக்கணிக்கத்தக்கது. அவருக்குப் பெயர் கிடையாது, சம்பளம் கிடையாது, தேத்தண்ணி நேரம் கிடையாது. படத்தில் இருப்பது ஒரு அம்புக்குறி மட்டும்தான்.

"இந்த ஆள் எதுக்கு மகள் கம்பிய இழுக்கிறார்?"

"அது சிலபஸ்ல இல்லப்பா."

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரவு பத்து மணிக்கு மேல் விஞ்ஞானம் இப்படித்தான் வளர்கிறது.

பாவம், அவர் இழுக்க இழுக்கக் கம்பியில் மின்னோட்டம் பிறக்கும். பிறந்த மின்னோட்டம் பெற்றவரையே பின்னுக்கு இழுக்கும். லென்சு 1834இல் சொன்ன விதி. சுருளை நோக்கிக் காந்தத்தைக் கொண்டுபோனால் 'வராதே' என்று தள்ளும், வெளியே எடுத்தால் 'போகாதே' என்று பிடிக்கும். எசல பெரஹரா நாட்களில் கண்டி டவுனுக்கு வாகனம் எடுத்துப் போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உள்ளே போகவும் விடமாட்டார்கள், எப்படியோ போய்விட்டால் வெளியே வரவும் விடமாட்டார்கள். ஓரமாக நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தால் ஒருவரும் கண்டுகொள்வதில்லை. காந்தமும் அசையாமல் கிடந்தால் கல்வனோமானி முள் திரும்பிக்கூடப் பார்க்காது.

இந்தக் கடைசிச் சங்கதிதான் ஜெனீவாக்காரர் கொலடோனின் காலை வாரியது. 1825இல் அவர் சுருளும் காந்தமுமாக இதே பரிசோதனையைச் செய்தார். காந்தம் கல்வனோமானியைக் குழப்பிவிடக்கூடாதே என்று அதை அடுத்த அறையில் வைத்தார். சுருளுக்குள் காந்தத்தை நுழைத்துவிட்டு, எழுந்து, அடுத்த அறைக்கு நடந்துபோய்ப் பார்த்தார். முள் ஆடி அடங்கிப் பூச்சியத்தில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் கூப்பிட ஒரு பொடியன் இருந்திருந்தால் இன்று என் மகள் கொலடோன் விதியை மனப்பாடம் செய்துகொண்டிருப்பாள்.

1831இல் பரடே பிடித்துவிட்டார். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். ஒரு மரக்குற்றியில் 203 அடிச் செப்புக் கம்பியையும் அதன் இடைவெளிகளில் இன்னொரு 203 அடியையும், ஒன்றையொன்று தொடாதபடி நூல் கொடுத்துச் சுற்றியவர். பொறுமைக்குக் குறைவில்லை, கணிதம்தான் வராது. அவருடைய மின்னியல் ஆய்வு நூல்களில் சமன்பாடுகளைத் தேடி அலையவேண்டும். நம்முடைய பரீட்சையிலோ இரண்டு மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினா, கணிப்பானுக்கும் அனுமதியில்லை. பரடே விதியில் வரும் கணக்கில் பரடேயே தடக்கி விழுந்திருப்பார்.

கம்பி இழுப்பவரை நான் கடைசியில் விக்டோரியாவில் வைத்துப் பிடித்தேன். திகனைப் பக்கமாகப் போனால் பார்க்கலாம்: 122 மீற்றர் உயரமான அணை, தலா 70 மெகாவாட்டில் மூன்று மின்பிறப்பாக்கிகள். அவற்றைச் சுழற்றுவது எங்கள் ஊர் வழியாக ஒன்றும் தெரியாததுபோல ஓடிவரும் அதே மகாவலிதான். முழு ஆறும் அங்கே போய்ச் சேர்வதில்லை. 1976 முதல் பொல்கொல்லையில் ஒரு பங்கைத் திருப்பி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக உக்குவளைக்கு அனுப்பி, அங்கேயும் வேலை வாங்குகிறார்கள். லென்சு சும்மா விடுவாரா? ஊரெல்லாம் லைட் போடப்போட மின்பிறப்பாக்கி சுழலக் கஷ்டப்படும், இன்னும் தண்ணீர் கேட்கும். பழைய தெல்தெனிய நகரம் அந்த நீர்த்தேக்கத்துக்குள் போனது. கணக்கில் அதுவும் 'புறக்கணிக்கத்தக்கது' பட்டியலில் சேர்ந்திருக்கும்.

இழுப்பவரே இல்லாத கணக்கும் உண்டு. அதுதான் மகளை அழவைத்தது. தண்டவாளத்தை நிமிர்த்தி வைத்து, மேல்முனையில் ஒரு கொள்ளளவியை இணைத்து, கம்பியைக் கீழே விழவிட்டார்கள். கம்பி விழவிழக் கொள்ளளவி ஏற்றம் பெறும், அந்த ஓட்டம் கம்பியைத் தடுக்கும். இரண்டு பக்கம் நிரப்பி விடைக்கு வந்தால், கம்பியின் திணிவு கொஞ்சம் கூடியதுபோல அது மாறா ஆர்முடுகலோடு விழுகிறது. எவ்வளவு கூடியது? ஒரு மீற்றர் நீளம், 100 கிராம் கம்பி, அரைத் தெசுலாப் புலம், 1000 மைக்ரோபரட் கொள்ளளவி என்று எண்களைப் போட்டேன். கால் கிராம்! ஆர்முடுகல் 10 என்பது 9.975 ஆகியது. நள்ளிரவு வரை ஒரு குடும்பமே விழித்திருந்து கண்டுபிடித்த கால் கிராம்.

இந்தக் கணக்கைக் கொடுத்த டியூஷன் வகுப்பில் தலைக்கு மேல் ஒரு மின்விசிறி. சுவிட்சைப் போட்டால் முனகும், சுற்றாது. உள்ளே இரண்டு சுருள்கள். ஒன்றின் ஓட்டத்தைக் கொள்ளளவி முன்பின்னாக்கினால்தான் காந்தப்புலம் சுழலும், சுழலும் புலம்தான் சுற்றும் பாகத்தில் மின்னைத் தூண்டி அதைக் கூடவே இழுத்துப்போகும். கொள்ளளவி செத்தால் புலம் நின்ற இடத்திலேயே துடிக்கும். அதனால் முன்வரிசைப் பையன் குடைக்காம்பால் இறக்கையைத் தள்ளிவிடவேண்டும். எந்தப் பக்கம் தள்ளுகிறானோ அந்தப் பக்கம் சுற்றும். ஒருநாள் இடக்கைப் பையன் தள்ளி, காற்று முழுக்கக் கூரைக்குப் போனதாம்.

டவுனில் கடைக்காரரிடம் "ஃபேன் கெப்பாசிட்டர்" என்றேன். சமன்பாடு எதுவும் கேட்காமல், இரண்டரை மைக்ரோபரட் என்று எழுதிய கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்துப் போட்டார். மகளிடம் கொடுத்து, சேரிடம் கொடுக்கச் சொல்லியனுப்பினேன்.

சேருக்கு மிகுந்த சந்தோஷமாம். அதை எல்லாருக்கும் தூக்கிக் காட்டி, "பிள்ளைகள், கொள்ளளவி நேரில இப்பிடித்தான் இருக்கும்" என்று சொல்லி, வரிசை வரிசையாகக் கைமாற்றிப் பார்க்கவிட்டு, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாராம். பிறகு முன்வரிசையைப் பார்த்து, "தம்பி, அந்தக் குடைய எடு" என்றாராம்.