எத்தனை அடிச் சுறா?

நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவு ஒரு கிலோமீற்றர் தூரம்தான். எஞ்சின் படகு அதைக் கடப்பதற்குள் எங்கள் சித்தப்பா நல்லூர் முருகனைப் பலமுறை கூப்பிட்டுவிட்டார்.

"தம்பி, உதுக்குள்ள சுறா இருக்கெண்டு சொல்லுகினம், மெய்யே?"

"ஓம் ஐயா. காலமையில கனக்கப் பாக்கலாம்," என்றார் படகோட்டி, கலியாணச் சேதி சொல்லும் முகத்தோடு.

பெரிய தீவு, சின்னத் தீவு என்று இரண்டு. பெரியதே இருநூறு மீற்றர் நீளம்தான் இருக்கும். 2003இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். அதற்கு வெகுகாலம் முன்பு, ஆங்கிலேயக் கடற்படை பீரங்கி சுட்டுப் பழகியது இந்தத் தீவின்மேல்தான். மாடப்புறாக்கள் இன்றைக்கும் இருக்கின்றன. கடற்படையைத்தான் காணோம்.

நாங்கள் வந்தது தண்ணீருக்கடியில் மீன் பார்க்க. அதற்கான மாஸ்க்கை மாட்டுவதற்கு முன் உள்பக்கக் கண்ணாடியில் துப்பித் தேய்த்து அலச வேண்டும். எச்சில் மெல்லிய படலமாகப் படிந்து, மூச்சின் ஈரம் துளித்துளியாகச் சேர்ந்து கண்ணை மறைக்காமல் பார்த்துக்கொள்ளும். சித்தப்பாவோ ஊரார் வீட்டில் தேநீரைக்கூட அண்ணாந்து குடிக்கிறவர். வாடகைக்கு வந்த மூச்சுக்குழாயைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தூக்கிப் பார்த்தார். "உது முன்னம் எவன்ர வாயில கிடந்ததோ!" அத்துடன் அவருடைய கடற்பயணம் முடிந்தது. பருத்தித்துறை வடைப் பையோடு நிழல் தேடிப் போய் உட்கார்ந்துவிட்டார்.

நானும் மச்சானும் இறங்கினோம். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு வாயால் மூச்சை இழு என்றால் உடம்பு லேசில் நம்பாது. இத்தனை வருடம் மூக்கோடு குடும்பம் நடத்திய உடம்பு. நம்பிய பிறகு கீழே ஓர் ஊரே நடக்கிறது. கிளிமீன் முருகைக்கல்லைக் கறுக் கறுக்கென்று கொறிக்கும் சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்கும். கொறித்த கல் மறுபக்கத்தால் மணலாக வெளியேறும். இப்படிப்பட்ட தீவுகளின் வெள்ளை மணலில் ஒரு பங்கு இந்த வழியாக வந்தது. கரையில் அதன்மேல் புரண்டு படம் எடுத்துக்கொண்டிருந்த புதுமணத் தம்பதியிடம் நான் இதைச் சொல்லவில்லை. எல்லா அறிவையும் எல்லா நேரத்திலும் பரப்பக் கூடாது.

அப்போதுதான் அது வந்தது. செட்டை நுனியில் கறுப்பு மை தொட்டதுபோன்ற சுறா. எங்களைப் பார்த்ததும் கடன்காரனைக் கண்டதுபோல் திரும்பிப் போய்விட்டது. இந்த வகைச் சுறாவுக்குக் கூச்ச சுபாவம். அதைத் தேடி வருகிறவர்கள் போடுகிற கூச்சலில், பாவம், அதுதான் பயந்து ஓடுகிறது.

மேலே வந்ததும் மச்சான் ஆறடி என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நீரிலிருந்து மாஸ்க்குக்குள் இருக்கும் காற்றுக்கு வரும்போது ஒளி வளைகிறது. அதனால் எதுவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாக, கால் பங்கு கிட்டவாகத் தெரியும். பொய்யின் முதல் தவணையை இயற்பியலே கட்டிவிடுகிறது, மிச்சத்தை மட்டும் நாங்கள் கட்டினால் போதும். என் கண்ணுக்கு நாலடி தெரிந்தது. கணக்குப்படி கழித்து மூன்றடி என்று அறிவித்தேன். அதன்பிறகு படகில் என்னோடு ஒருவரும் முகம்கொடுத்துப் பேசவில்லை. படகோட்டிதான் நடுநிலையாளர். "ஐஞ்சடி எண்டு வைப்பம்," என்றார். அடுத்த நாள் ஆட்களுக்கும் அவர் படகு ஓட்ட வேண்டும் அல்லவா?

கரை சேர்ந்ததும் சித்தப்பா ரொறன்ரோ மாமிக்குத் தொலைபேசி எடுத்தார். முழங்காலுக்குமேல் நனையாத மனிதர்.

"அக்கா, பத்தடிச் சுறா! எனக்கு முன்னால வந்து நிண்டது!"

மறுமுனையில் மாமி அசரவில்லை. ஒலிபெருக்கியில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"பத்தடியோ? அது முத்தலடா. வறைக்கு உதவாது. குட்டிச் சுறா ஒண்டும் இல்லையோ?"

சித்தப்பா எங்களை ஒருமுறை பார்த்தார்.

"பக்கத்தில ஒரு மூண்டடியும் நிண்டதக்கா."