கப்பல் எண்ணும் கணினி எண்ணும்

கேள்வி: மேக், ஐ.பி., டி.எச்.சி.பி., டி.என்.எஸ். என்று எழுத்துப் பூதங்கள் துரத்துகின்றன. ஏ பிளஸ் கணினிப் பரீட்சைக்கு இவற்றை எப்படி மனப்பாடம் செய்வது?
– மாணவி, உப்புவெளி

பதில்: மனப்பாடம் வேண்டாம் தங்கச்சி, துறைமுகத்தைப் பாருங்கள். திருகோணமலைக்கு வரும் சரக்குக் கப்பலின் உடலில் 7 இலக்க ஐ.எம்.ஓ. எண் பொறித்திருக்கும். பெயர் மாறலாம், கொடி மாறலாம். கப்பலை உடைக்கும் வரை அந்த எண் மாறாது. அதுதான் மேக் முகவரி: பிணைய அட்டைக்குத் தொழிற்சாலையிலேயே இட்ட 48 பிட் எண். எந்த இறங்குதுறையில் நிற்பது என்பதோ வந்த பிறகு முடிவாவது, அது ஐ.பி. முகவரி. அந்த இடத்தை ஒதுக்கும் அதிகாரி டி.எச்.சி.பி. தவணை முறையில்தான் தருவார். முடியுமுன் புதுப்பிக்க வேண்டும்.

விண்டோஸ் கணினி 169.254 என்று தொடங்கும் முகவரியைக் காட்டினால்? கூப்பிட்டும் டி.எச்.சி.பி. பதில் சொல்லவில்லை, கணினி தானே ஓரிடத்தில் நங்கூரம் போட்டுவிட்டது. கேபிளையும் ரவுட்டரையும் பாருங்கள், கணினியைத் திட்டாதீர்கள்.

டி.என்.எஸ். பெயரைக் கேட்டு எண்ணைத் தரும். 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்தது. 2010இல் ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் பெயர்களுக்கும் வழி பிறந்தது. எனக்கு அதில் தீராத மகிழ்ச்சி.



இன்றிரவே கட்டளைத் திரையில் ஐபிகான்ஃபிக் என்று அடித்து, சாய்கோட்டுடன் ஆல் சேர்த்துத் தட்டுங்கள். உங்களைத் துரத்திய நால்வரும் உங்கள் கணினியின் எண்களோடு வரிசையில் நிற்பார்கள். மேக் மட்டும் ‘ஃபிசிக்கல் அட்ரஸ்’ என்ற பெயரில் இருக்கும்.