பத்து நிமிஷக்காரர்

பத்து நிமிஷக்காரர் முப்பது வருஷம் சென்னையில் குப்பை கொட்டிவிட்டு, ஓய்வூதியத்தோடு புதுச்சேரிக்குத் திரும்பி, லாஸ்பேட்டையிலோ ரெட்டியார்பாளையத்திலோ மாடி வீடு கட்டியவர். சென்னை பெரிதா, பாண்டி பெரிதா என்ற வழக்கில் இவரே வாதி, இவரே வக்கீல். ஒரே சாட்சி கைக்கடிகாரம்.

இவர் கணக்கில் இந்த ஊரில் எங்கிருந்து எங்கே போனாலும் பத்து நிமிஷம். வீட்டிலிருந்து பெரிய மார்க்கெட் பத்து. மார்க்கெட்டிலிருந்து ஜிப்மர் பத்து. ஜிப்மரிலிருந்து கடற்கரை? அதுவும் பத்துதான். “மெட்ராஸ்ல இந்நேரம் கிண்டி பாலத்துல நின்னுட்டிருப்போம் சார்” என்பது கூடவே வரும் பின்பாட்டு.

பிரெஞ்சுக்காரர்கள் புல்வார் போட்டு முட்டை வடிவில் வளைத்த பழைய நகரத்துக்குள் இந்தக் கணக்கு செல்லும். ஊர் அந்த முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வந்து வெகுகாலமாயிற்று. கிராமங்களையும் சேர்த்தால் புதுச்சேரிப் பகுதி 293 சதுர கிலோமீட்டர், சென்னை மாநகராட்சி 426. அந்த 293-ம் ஒரே துண்டாக இல்லை. தமிழ்நாட்டு ஊர்கள் இடையிடையே புகுந்து கிடக்கின்றன. லாஸ்பேட்டையிலிருந்து வில்லியனூர் மண்டபத்துக்குப் போக ராஜீவ் காந்தி சிலை, இந்திரா காந்தி சிலை என்று இரண்டு சிக்னல்களைத் தாண்டியாக வேண்டும். சிவப்பு விளக்கில் நிற்கும் நேரத்தை இவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

சனிக்கிழமை வந்தால் நிலைமை இன்னும் மோசம். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக 150 கிலோமீட்டர் ஓடி வரும் கார்கள் ஊரை நிறைக்கின்றன. சென்னையை விட்டு வந்தவரைத் தேடிக்கொண்டு சென்னையே வாராவாரம் வந்து, மிஷன் வீதியில் வண்டி நிறுத்த இடம் கேட்கிறது.

வாதம் தளரும்போது இவர் பாரதியாரைத் துணைக்கு அழைப்பார். “பாரதியே மெட்ராஸ் வேண்டாம்னுதானே இங்க வந்தார்?” 1908-இல் பாரதி வந்தது காற்று வாங்க அல்ல, பிரிட்டிஷ் போலீஸுக்குத் தப்பி. பத்து வருஷம் இருந்துவிட்டு 1918-இல் கிளம்பிய அவர், 1921-இல் திருவல்லிக்கேணியில் காலமானார். இந்தப் பிற்பகுதி இவர் சரித்திரத்தில் இடம்பெறாது.

மகள் கல்யாணப் பட்டுக்கு இவர் போவது தியாகராய நகர். இதைச் சுட்டிக்காட்டினால், “அது வேற” என்பார்.

மாலை 6 மணிக்கு மேல் வண்டிகள் நுழையாத கடற்கரைச் சாலையில் மட்டும் இவரை மறுக்க முடிவதில்லை. காந்தி சிலையிலிருந்து கைவீசி நடந்து, தெரிந்த நாலு பேரிடம் நின்று பேசி, சுண்டல் வாங்குகிற அந்த மனிதரிடம் கிண்டிப் பாலத்தைப் பற்றி யாரும் தர்க்கம் செய்வதில்லை. சென்னையில் முப்பது வருஷம் கிடைக்காதது அது.

ஆனால் அந்தச் சலுகை விருந்துக்கும் முகூர்த்தத்துக்கும் பொருந்தாது. எல்லாம் பத்து நிமிஷம் என்று நம்புகிறவர், கிளம்ப வேண்டிய நேரத்தில்தான் குளிக்கப் போகிறார். தொலைபேசியில் “கிளம்பிட்டேன் சார், பத்து நிமிஷம்” என்னும்போது பின்னால் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. இலை போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு இது வேடிக்கையே அல்ல. ரசம் ஆறுகிறது, குழந்தைகள் தூங்கிவிடுகின்றன. சென்னையில் இருந்த காலத்தில் இதே மனிதர் போக்குவரத்துக்குப் பயந்து ஒரு மணி நேரம் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

இவரை எட்டு மணி விருந்துக்கு அழைப்பவர்கள் ஏழு என்று சொல்லி அழைப்பது நல்லது.